தமிழ்த் தொகுப்பில் தவறான குரல்

இரண்டாயிரங்களின் நடுவில் சில வருடங்கள் நான் ஒரு பெரிய பொறுப்பில் இருந்தேன். பெரியது என்பது என் எண்ணம். குழந்தைகளுக்கு எண்ணும் எழுத்தும் சொல்லிக்கொடுக்கும் மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். பல மொழிகளிலிருந்து வரும் மொழிபெயர்ப்புகளைச் சேர்த்து, சொன்ன தேதியில் புதிய பதிப்பை வெளியிடுவது என் வேலை. சம்பளம் கிடையாது. 'யார் பார்த்துக்கொள்கிறீர்கள்?' என்று குழுவுக்கு வந்த மடலுக்கு நான் ஒருவன்தான் பதில் போட்டேன். பதவி வந்த கதை அவ்வளவுதான். பகலில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில் எல்லோரும் என்னை விரட்டுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஏழெட்டு நாட்டுக்காரர்களை நான் விரட்டுவேன். அது ஒரு தனி சுகம்.

இத்தனை மொழிகளை மேய்த்த எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து நகரசபை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். நான் படித்ததெல்லாம் மலையாளம். அதனால் தமிழ் வரிகள் அத்தனையும் என் மனைவியின் கை. அவளும் இந்த ஊர்தான், ஆனால் தமிழில் படித்தவள். ஆசிரியர் பயிற்சி முடித்து, தமிழ் டீச்சர் வேலை காலியாகும் என்று காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, நகரசபை அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் தட்டச்சு செய்யப் போனாள். ஆங்கில வரிகளை அச்செடுத்து அரிசி டின்மேல் வைத்துவிட்டுப் போவேன். மாலையில் அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் தமிழ் வந்திருக்கும். அதை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுவேன்.

பிறகு குரல் வேண்டும் என்றார்கள். எண்கள், நிறங்கள், 'சபாஷ்', 'மறுபடி முயற்சி செய்' என்று நூற்றுச் சொச்சம் சொற்கள். பின்சந்தில் இஞ்சிக் கிடங்கு. மூட்டை தூக்குகிறவர்கள் சாப்பிடப் போகும் அரைமணி நேரம்தான் அமைதி. சனிக்கிழமைகளில் அந்த அரைமணியில், மே மாதப் புழுக்கத்தில், கம்பளியைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு அவள் சொன்னாள். ஒவ்வொரு சொல்லுக்கும் கம்பளியை விலக்கி, "கொள்ளாமா?" என்று கேட்பாள். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்பேன்.

"இனி எனக்குப் போஸ்டிங் ஒண்ணும் வேணாம். கம்ப்யூட்டர்லே டீச்சராயாச்சில்லே" என்றாள் ஒருநாள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். வெளியீடு வந்ததும் அங்கே கொண்டுவந்து போட்டுக் காட்டவேண்டும் என்று எனக்கு உத்தரவு.

சோதனைப் பதிப்பு வெளியே போனது. தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் புகார் பதிந்தார். மிகவும் மரியாதையான புகார். தமிழ் எழுத்துகள் அருமை, ஆனால் தவறுதலாக மலையாளக் குரல் சேர்ந்துவிட்டது, சரியான கோப்பை வைக்கவும்.

ஒன்று முதல் பத்து வரை திரும்பத் திரும்பக் கேட்டேன். என் காதுக்குச் சுத்தத் தமிழ். எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்தாலே, தமிழன் என்று கேலியாக, 'பாண்டி' என்பார்கள். மூன்று தலைமுறையாக முயன்றும் எங்களுக்குக் கிடைக்காத மலையாளிப் பட்டத்தை இந்த மனிதர் ஒரே மடலில் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

காரசாரமாக ஒரு பதில் எழுதி அழித்தேன். அதற்குள் இன்னும் இரண்டு பேர் 'எனக்கும் அப்படித்தான் கேட்கிறது' என்று சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேர் சொன்ன குறையைத் தீர்க்காமல் எந்த மொழியையும் வெளியிடக்கூடாது என்பது எங்கள் விதி. விதியை எழுதியவன் நான்தான். சென்னையிலிருந்து ஒருவர் ரயில் நிலைய அறிவிப்புப்போல வழுவழுவென்று ஒரு குரலைப் பதிந்து அனுப்பினார். பழையதை எடுத்துவிட்டு அதை வைத்தேன். வீட்டில் சொல்லவில்லை. அவள் அலுவலகத்துக்கு நான் கொண்டுபோகும் குறுவட்டில் மட்டும் பழைய குரலைப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கணக்குப் போட்டேன்.

கணக்கில் ஒன்று விட்டுப்போனது. ஒவ்வொரு பதிப்போடும் என்னென்ன மாறியது என்று ஒரு பட்டியல் போகும். ஆங்கிலத்தில் நான் எழுதுவேன், ஒவ்வொரு மொழிக் குழுவும் அதை மொழிபெயர்க்கும். தமிழ்க் குழு என் சமையலறையில் இருந்தது. அவசரத்தில் பட்டியலை எழுதி, கைப்பழக்கத்தில் அச்செடுத்து, அரிசி டின்மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். ஏழாவது வரி: தமிழ்த் தொகுப்பில் இருந்த தவறான மொழிக் குரல் நீக்கப்பட்டது.

மாலையில் சாயாவோடு தாளையும் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏழாவது வரி கொஞ்சம் கஷ்டமாயிருந்தது."

மூன்று பேர் சொல்லிவிட்டார்கள், விதி இருக்கிறது, என் கையில் ஒன்றுமில்லை என்று நான் அடுக்கினேன்.

"ரூல் ஆரு எழுதினது?"

"நான்தான்."

"பின்னே எந்தா? நாளைக்குத்தானே தேதி, டைப் பண்ணுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

தாளை எடுத்து எழுத்துக்கூட்டினேன். ஏழாவது வரியில், 'மட்டாஞ்சேரிக்காரியின் குரல் நீக்கப்பட்டது' என்று எழுதியிருந்தாள்.

மொழிபெயர்ப்பு மூலத்தைவிட்டு விலகாமல் பார்ப்பதும் என் வேலைதான். ஒரு சொல் கூடிப்போனதற்காக எத்தனையோ பேருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதில் 'தவறான' இல்லை, 'மொழி' இல்லை; மூலத்தில் இல்லாத ஒரு ஊர் இருந்தது. அப்படியே தட்டி வெளியிட்டேன். அந்த வரியைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை.

அடுத்த பதிப்புக்கான தாளை வழக்கம்போல் அரிசி டின்மேல் வைத்தேன். ஒரு வாரம் அது அங்கேயே கிடந்தது. அரிசி எடுக்கும்போதெல்லாம் எடுத்து ஓரமாக வைத்து, மூடியபின் மறுபடி மேலே வைத்தாள். கடைசியில் நானே தமிழ் எழுதிச் சோதனைப் பதிப்பை வெளியே விட்டேன். இரண்டே நாளில் புகார் வந்தது: தமிழின் தரம் திடீரென்று விழுந்துவிட்டது, பழைய மொழிபெயர்ப்பாளரையே கூப்பிடவும். கீழே இன்னும் இரண்டு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். மொத்தம் மூன்று.

அச்செடுத்துக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

"எழுத்து மட்டும் போதுமாமா அவங்களுக்கு?" என்று கேட்டாள்.

சொன்ன தேதியில் வெளியிட்டேன், தமிழ் இல்லாமல்.