நான்காவது இடத்துக் கோழி

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, கோழிக்கூட்டின் அடித்தட்டை வெளியே இழுக்கிறார் கிருபைராஜ். அதில் விரித்திருக்கும் நேற்றைய பேப்பரை வரி வரியாகப் பார்க்கிறார். இன்றைய பேப்பர் இன்னும் வாசலில்தான் கிடக்கிறது.

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் வீடு. கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். புறவாசலில் ஆறு முட்டைக்கோழிகள், ஆறும் ஒரே செவலை. வேதத்தில் உள்ள பெயர்களைக் கோழிக்கு வைக்கக்கூடாது என்று மனைவி ஜெபராணி தடுத்துவிட்டதால், தாசில்தார், டவாலி என்று ஆபீஸ் பெயர்களாக வைத்திருக்கிறார்.

கூட்டுக்குள் குறுக்கே ஒரு மூங்கில். ஆறும் அதில்தான் வரிசையாக ஏறித் தூங்கும். “அததுக்கு அதது சீட்டு. மாறாது” என்பார். எந்த இடத்துக்குக் கீழே என்ன எச்சம் என்று பார்த்தால் எந்தக் கோழிக்கு என்ன கோளாறு என்று தெரிந்துவிடும். இரண்டு வருஷமாக இது தப்பியதில்லை.

முந்தாநாள் நான்காவது இடத்துக்குக் கீழே பச்சையாக, தண்ணீராகக் கிடந்தது. அதே வாரத்தில்தான் பக்கத்து வீட்டு இசக்கியம்மாவின் எட்டுக் கோழிகளும் கழிச்சல் கண்டு செத்திருந்தன. தெருக் கோழிகளுக்குத் தடுப்பூசி போட ஆள் வந்த அன்றைக்கு இவர் நாசரேத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். நான்காவது இடம் தாசில்தாருடையது. அதைப் பிடித்துத் தனியே பஞ்சாரக் கூடையில் கவிழ்த்தார்.

நேற்றும் நான்காவது இடத்தில் பச்சை. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை நெருங்கி உட்காரும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஐந்தாவதாக இருந்த டவாலியையும் பிடித்து, இன்னொரு கூடையில் கவிழ்த்தார். இன்று மூன்றாவது இடத்தில் பச்சை. அங்கே உட்கார்ந்தது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

மதிலுக்கு மேலே இசக்கியம்மாவின் தலை தெரிந்தது. “என்ன அண்ணாச்சி, ஒங்க கோழிய மட்டும் வாய்தா வாங்கிட்டு நிக்குதோ?”

அவர் சிரிக்கவில்லை. ஜெபராணிதான் அடுப்படியிலிருந்து வந்தாள்.

“முருங்கக்கீரை திங்குத கோழி பச்சையாத்தான போவும்? அதுக்குப் போயி மூணு நாளா கவுந்து கெடக்கியளே.”

“கீரையா? யாரு போட்டா?”

“நாந்தான். மஞ்சக்கரு நல்லா செவப்பா இருக்கும்லா.”

“அப்பம் ஆறும்லா பச்சையா போவணும்?”

“ஒண்ணு ரெண்டுதான் முட்டி மோதித் திங்குது.”

“அது எதுன்னுதான் கேக்கேன்.”

“நான் அதுக மூஞ்சியவா பாத்துக்கிட்டு நிக்கேன்?”

அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளர் சிவகணேஷுக்குப் போன் போட்டார்.

“அண்ணாச்சி, பச்சைய மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது” என்றான் சிவகணேஷ். “தூங்கி வழியுதா? இர எடுக்குதா? காதப் பக்கத்துல வச்சுக் கேளுங்க. மூச்சு கொர்ரு கொர்ருன்னு இருந்தா அதுக்கு மருந்து கெடையாது. இன்னைக்கே முடிச்சுப் புதைச்சிருங்க. அப்பந்தான் மத்ததுக தப்பும்.”

பஞ்சாரத்தைத் தூக்கினார். தாசில்தார் கண்ணை மூடி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரையாக வைத்த கம்பு அப்படியே இருந்தது.

“தூங்குது. இரயும் எடுக்கல” என்றார்.

“ரெண்டு நாளு ஒங்களக் கூடையப் போட்டுக் கவுத்தா நீங்களுந்தான் தூங்குவிய” என்றாள் ஜெபராணி.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கொண்டையைத் தொட்டார். வெளுத்திருக்கிறதா, காலை வெயிலில் அப்படித் தெரிகிறதா என்று தெரியவில்லை. டவாலியின் கொண்டையைப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் இதைப் பார்த்தார். இப்போது டவாலியுடையதுதான் வெளுப்பாகத் தோன்றியது. கொல்லைச் சுவரில் மண்வெட்டி சாய்ந்திருந்தது. அந்தப் பக்கம் அவர் பார்வை போகவில்லை.

தாசில்தாரை இரண்டு கையாலும் தூக்கி, நெஞ்சுப் பக்கத்தைக் காதோடு சேர்த்துவைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். எங்கோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கிறவரை காத்திருந்தார். பிறகு மற்றக் காதுக்கு மாற்றினார்.

“என்ன கேக்கு?” என்றாள் ஜெபராணி.

அவர் கோழியைக் காதிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கம்மலைத் திருகிக் கழற்றினாள்.