ஜக்கம்மாள் போட்ட கட்டு

ஜக்கம்மாள் கட்டினால் அது கட்டு. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயங்களில் பிள்ளை பெற்ற எவளைக் கேட்டாலும் சொல்வாள். பழைய சேலையை நாலாக மடித்து வயிற்றைச் சுற்றி இறுக்கினாள் என்றால், பத்தே நாளில் வயிறு உள்ளே போய்விடும். அடிபட்டு வயிறு வலித்தாலும் அவளைத்தான் கூப்பிடுவோம். எழுபத்தொன்பதாம் வருஷம் என் மகன் காசிராஜன் மரத்திலிருந்து விழுந்தபோதும் அவள்தான் கட்டினாள். பன்னிரண்டு வயது, பிழைக்கவில்லை. விதி என்றேன். வேறென்ன சொல்ல, ஜீப்பு ஓட்டுகிறவன் டாக்டருக்கா படித்தேன்?

எண்பத்தாறு ஆடியில், ஏலக்காய் ஸ்டோரில் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து, அங்கே வேலை செய்த சுந்தரம்மாளின் மகள் பொன்னுமணி மேல் விழுந்தன. எட்டு வயது. மேலே ஒரு கீறல்கூட இல்லை, வயிறு மட்டும் உப்பியிருந்தது.

"வாயுதான். கட்டுனா அமுங்கிரும்" என்று ஜக்கம்மாள் கட்டினாள். எல்லாரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போடி ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கினேன்.

பாதி வழியில் பிள்ளை, "ஆத்தா, மூச்சு முட்டுது" என்றாள்.

"இன்னும் இறுக்குக்கா" என்றாள் சுந்தரம்மாள். ஜக்கம்மாள் இறுக்கினாள். மலையடிவாரத்து முந்தல் வரும்போது பிள்ளைக்குப் பேச்சில்லை, கால்கள் சில்லிட்டிருந்தன.

போடியில் டாக்டர் சேலையைக் கத்தரியால் வெட்டினார். வயிறு கல்லாட்டம் இருந்தது. "உள்ள ரத்தம் கட்டி ஏற்கெனவே நெருக்குது. வெளியேயும் இறுக்குனா மூச்சு எப்படி வரும்? யாரு கட்டுனது?" என்று கத்தினார். உடனே மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

மதுரையில் வயிற்றைத் திறந்தார்கள். குடல் வீக்கம் வடியும்வரை மூட முடியாதென்று, குளுக்கோஸ் பையைக் கிழித்து மேலே தைத்திருந்தார்கள். உள்ளே குடல் நெளிவது தெரிந்தது. ஐயோ, பெற்றவள் எப்படித் தாங்குவாள்!

"எம்புள்ள தொறந்து கெடக்குதேக்கா, ஒரு கட்டு போடுக்கா" என்று சுந்தரம்மாள் முந்தானையைக் கிழித்து நீட்டினாள்.

"என் கட்டுதான் தாயி மூச்ச அடச்சுச்சு. என்னைய வெட்டிப் போடு, இனி கட்டமாட்டேன்."

சுந்தரம்மாள் அவள் கன்னத்தில் அறைந்தாள். ஜக்கம்மாள் நகரவில்லை. ஒருவரும் துணியோடு கிட்டே வராதபடி ஆறு நாள் கட்டில் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஏழாம் நாள் தைத்து மூடினார்கள். பொன்னுமணி பிழைத்துக்கொண்டாள்.

ஜக்கம்மாளை மலைக்கு அழைத்துப் போனேன். முந்தல் தாண்டியதும் கேட்டாள்: "அண்ணே, காசிராஜனுக்கும் நாந்தான கட்டுனேன்?"

வண்டியை ஓரங்கட்டினேன். போடி டாக்டர் கத்தியதிலிருந்து என்னைத் தின்றுகொண்டிருந்ததும் அதுதான்.

"ஆமா தங்கச்சி. மூச்சு முட்டுதுப்பான்னு அவன் அழுதான். இன்னும் இறுக்குன்னு சொன்னவன் நான்."