கைகளின் மேல் உட்கார்ந்தவர்

அடுத்தவர் தவறு செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஒரு மனிதர் கற்றுக்கொள்ள முடியுமா? கற்றுக்கொண்டால் அது நல்லதுதானா? மராத்தி பேசும் ஊரான சாங்வியில் எங்கள் கட்டிடத்தில் குடியிருக்கும் ரவிசந்திரனின் வாழ்க்கை இந்த இரண்டையும் கேட்டது. முதல் கேள்விக்கு அவர் விடை காட்டிவிட்டார்.

கோயம்புத்தூர்க்காரர். சாகணில் கியர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவர். தேறாத உருப்படியின் மேல் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துச் சிவப்புத் தொட்டியில் போடுவது அவர் வேலை. ஒப்பந்தத் தொழிலாளர்கள் முதுகுக்குப் பின்னால் 'லால் சாப்', அதாவது சிவப்பு ஐயா, என்றார்கள். தொழிலில் கெட்டிக்காரர்தான். ஆனால் அந்தப் பெயின்ட் பிரஷை வீட்டுக்கும் கொண்டுவந்தார். மனைவி லலிதா பால் பாக்கெட்டை வெட்டும் இடம் சரியில்லை. மகள் வைஷு ஸ்கூட்டரை நிறுத்தும் கோணம் சரியில்லை. அவர் கத்தமாட்டார், அடிக்கமாட்டார். கையிலிருப்பதை வாங்கிச் சரியாகச் செய்து திருப்பிக் கொடுப்பார், அவ்வளவுதான். பத்தாவது படிக்கும்போதே வைஷு அப்பாவுக்கு முன்னால் எதையும் செய்வதை நிறுத்திவிட்டாள். அவர் அறைக்குள் வந்தால் கையிலிருப்பதை அப்படியே கீழே வைத்துவிடுவாள்.

கம்பெனி ஒருமுறை ஊழியர்களை ஊருக்கு வெளியே ஓர் அணையின் நீர்த்தேக்கத்துக்குப் பிக்னிக் கூட்டிப்போனது. அங்கே ஒரு கிளப்பில் சின்னப் பாய்மரப் படகுகள் இருந்தன. ஒன்றில் ஏறிய ரவிசந்திரன் சுக்கானின் பிடியை இரண்டு விரலால் தள்ளினார். படகு உடனே சொன்னபடி கேட்டது. அவர் திருத்தியதும் முகம் சுளிக்காமல் திருந்திய முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வீட்டில் இல்லை. ஐம்பது வயதில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு, பாய்மரப் பயிற்றுநர் சான்றிதழ் பெறப்போவதாக அறிவித்தார்.

"ஏனுங்க, தண்ணியில போயி யாருக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கப் போறீங்க?" என்றாள் லலிதா.

சான்றிதழ் இல்லாமல் கிளப் பயிற்றுநர் வேலை தராது. வேலை கிடைக்காவிட்டால் வீட்டில் உட்கார வேண்டும். அவர் நாள் முழுவதும் வீட்டில் இருப்பதை நினைத்து மற்ற இருவரும் அவரைவிட அதிகம் பயந்தார்கள்.

முதல் தேர்வில் அவருடைய மாணவர் பாணேரில் ஐ.டி. வேலை பார்க்கும் ஓர் இளைஞர். புதிதாகச் சுக்கான் பிடிப்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. வலப்பக்கம் போக வேண்டுமென்றால் பிடியையும் வலப்பக்கம் தள்ளுவார்கள்; படகு இடப்பக்கம் திரும்பும். பயிற்றுநர் வாயால்தான் சொல்ல வேண்டும், பிடியைத் தொடக்கூடாது. அந்த இளைஞரும் அந்தத் தவறையே செய்தார், படகு சாய்ந்தது. ரவிசந்திரனின் கை தானாகப் போய்ப் பிடியைப் பறித்தது. தேர்வில் தோற்றார்.

தேர்வாளர் ப்ரீதி செகந்திராபாத்தில் வளர்ந்த தமிழ்ப்பெண். வைஷுவைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள்.

"அங்கிள், படகு தப்பிச்சுது. அவர் என்ன கத்துக்கிட்டார்?"

"உட்டிருந்தாக் கவுந்திருக்குமுங்க அம்மிணி."

"கவிழட்டுமே! லைஃப் ஜாக்கெட் என்ன அழகுக்கா? அடுத்த தடவை கை மேலயே உட்கார்ந்துக்கோங்க."

கேலியாகச் சொன்னாள். அவர் அதை விதியாக எடுத்துக்கொண்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் வீட்டில் பயிற்சி நடந்தது. சமையலறை நாற்காலியில் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்து, லலிதா பால் பாக்கெட்டைத் தப்பான இடத்தில் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னுங்க, மூலமா? டாக்டர்ட்டப் போலாமா?"

வைஷு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளே வந்து அவர் எதிரில் உருளைக்கிழங்கு சீவினாள். தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று. அவர் கை வெளியே வரவில்லை. "அரே வா!" என்றாள். அன்றிலிருந்து கல்லூரி விட்டு வந்ததும் நேரே தன் அறைக்குப் போகாமல் சமையலறைக்கு வந்தாள். லலிதா இதை எங்கள் வீட்டில் வந்து சொன்னபோது, கண்பட்டுவிடுமோ என்பதுபோல், குரலை மிகவும் தாழ்த்திக்கொண்டாள்.

இரண்டாம் தேர்வின் காலையில், மாணவராக வர வேண்டியவர்களில் ஒருவர் வரவில்லை. டிபனோடு அம்மாவுக்குத் துணையாக வந்திருந்த வைஷு, "நான் போறேன்ப்பா. எனக்கு ஒண்ணுமே தெரியாது, பர்ஃபெக்ட் ஸ்டூடண்ட்!" என்றாள். பிரணவ் என்ற கல்லூரிப் பையனும் அவளும் படகில் ஏறினார்கள். ரவிசந்திரன் பக்கத்தில் மோட்டார் பொருத்திய ரெஸ்க்யூ போட்டில் இருந்தார். அங்கிருந்து குரலால் மட்டும் நடத்த வேண்டும். படகு கவிழ்ந்தாலும் மாணவர்களே நிமிர்த்த வேண்டும். ஆபத்து என்றால் மட்டும் பயிற்றுநர் இறங்கலாம். ப்ரீதி கரையில் படகுத்துறையின் முனையில் நின்று கவனித்தாள்.

வைஷு பிடியைத் தப்பான பக்கம் தள்ளினாள். அவர் வாயால் சொன்னார். அவள் இன்னும் அதிகமாகத் தள்ளினாள். படகு கவிழ்ந்தது. பாய் தண்ணீர் மேல் விரிந்து படுத்தது. பிரணவ் மேலே வந்தான். வைஷு வரவில்லை. நனைந்த பாய்க்கு அடியில் சிக்கியிருந்தாள்.

"அங்கிள், வைஷு கஹான் ஹை?" அவள் எங்கே என்று பிரணவ் இந்தியில் கத்தினான்.

ரவிசந்திரன் உட்கார்ந்திருந்தார்.

பிரணவ் மறுபடி கத்தினான். அவர் கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன. பிறகு பாயின் ஓரம் தூக்கிக்கொண்டது. வைஷுவின் தலை வெளியே வந்தது. இருமினாள். அவரைப் பார்த்தாள்.

படகின் அடிப்பாகம் கரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்ததால் பாய்ப்பக்கம் நடந்தது ப்ரீதிக்குத் தெரியவில்லை; அந்தத் தூரத்தில் பிரணவ் கத்தியதும் கேட்கவில்லை. அவள் பார்த்தது, படகு கவிழ்ந்தும் பதறாத ஒரு பயிற்றுநரை. படகைத் தாங்களே நிமிர்த்தி ஏறிய இரண்டு மாணவர்களை. "இதைத்தான் அங்கிள் போன தடவை கேட்டேன்," என்று கைகுலுக்கினாள். அவரும் கையைக் கொடுத்தார். பாய்க்கு அடியில் நடந்ததை அவளிடம் சொல்லவில்லை. தொட வேண்டாத இடத்தில் தொட்டதற்காகத் தோற்றவர், தொட்டே ஆக வேண்டிய இடத்தில் தொடாததற்காகத் தேறினார். இதில் தேர்வு முறையைக் குறை சொல்வது சுலபம். பழி முழுவதையும் அதன் மேல் போட என்னால் முடியவில்லை.

திரும்பும் வழியில் லலிதா சந்தோஷமாக வெங்காய பஜ்ஜி வாங்கினாள். காரின் பின்சீட்டில் ஈரத்தலையோடு இருந்த வைஷு பொட்டலத்தைத் தொடவில்லை.

"அப்பா. பிரணவ் கேட்டான் இல்ல, நான் எங்கேன்னு?"

"கேட்டான், கண்ணு."

"அப்பவும் கையை எடுக்கல. பாஸாகணும்னு உட்கார்ந்திருந்தீங்களா? இல்ல, நான் வந்துருவேன்னு நம்பி உட்கார்ந்திருந்தீங்களா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. எதுன்னாலும் பரவால்ல."

அவர் சிக்னலைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். வழியிலுள்ள வார்ஜே வரைக்கும் அவள் காத்திருந்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்களுக்கு இதெல்லாம் தெரிந்தது லலிதா மூலம். அவளும் அவரைக் கேட்டிருக்கிறாள். எல்லா விதமாகவும் கேட்டிருக்கிறாள். "ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பொய்யாவது சொல்லியிருக்கலாமுல்ல?" என்றாள் என் மனைவியிடம். வைஷு இப்போது பெங்களூருவில் வேலை பார்க்கிறாள். ஃபோன் அம்மாவுக்குத்தான் வரும். அவர் அறைக்குள் வந்தால் லலிதா, யாரும் சொல்லாமலே, ஸ்பீக்கரை அணைத்துவிடுகிறாள்.

சான்றிதழ் வந்ததும் கிளப் அவருக்கு முதல் வகுப்பைக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. குழந்தைகள் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ப்ரீதி பயிற்றுநரின் விசிலை அவர் கழுத்தில் மாட்டினாள். அவர் அதைக் கழற்றி அவள் கையிலேயே வைத்தார். வகுப்பை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னார். தண்ணீரில் விழுந்தவர்களைக் கைகொடுத்துத் தூக்கும் ரெஸ்க்யூ போட்டைத் தான் ஓட்டுவதாகச் சொன்னார். அதற்குச் சான்றிதழ் எதுவும் வேண்டியதில்லை. சம்பளமும் பாதிதான்.

"ஏன் அங்கிள்? இதுக்காக எவ்வளவு கஷ்டப்பட்டீங்க!"

"டாங்கில பெட்ரோல் இருக்கான்னு பாக்கோணும் அம்மிணி," என்று சொல்லிவிட்டு அவர் படகுத்துறையில் இறங்கிப் போனார்.