ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டவர்

அருளப்பண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் அவருடைய ஜீப்புக்கு அடியில்தான் படுத்திருந்தேன். பிரேக் ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. சீட்டின் மேல் கிடந்த செல்போன் அடித்தது. கையெல்லாம் எண்ணெய், எடுக்கவில்லை. விடாமல் மறுபடியும் அடித்தது. அவருடைய மனைவி லூர்து அக்கா. “சுந்தரம், அண்ணன் போயிட்டாருப்பா. காப்பி கொண்டு போனேன், எந்திரிக்கல” என்றார். பிறகு, “வண்டி ஓடுற மாதிரி இருக்கா?” என்று கேட்டார். அண்ணனைக் கடைசியாக அதில்தான் கொண்டுபோக நினைக்கிறார் என்பது புரிந்தது. “ஓடும்க்கா, ஓட வச்சுருவேன்” என்று மட்டும் சொன்னேன்.

மூணாறிலிருந்து போடிக்கு இறங்கும் சாலையில் குருசடி முக்கு என்றால் எல்லா ஓட்டுநருக்கும் தெரியும். ஒரு கொண்டை வளைவு, அதில் சிலுவை வைத்த சின்னக் குருசடி, அதையொட்டி மலைப்பக்கமாக ஒரே வரிசையில் எங்கள் வீடுகள். தேயிலைத் தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் லயத்து வரிசையில் வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்துவிட வேண்டும். அப்படிக் காலி செய்துவிட்டு, ஊர் என்று திரும்பிப் போக ஓர் ஊரும் இல்லாதவர்கள் சாலையோரத்தில் கட்டிக்கொண்ட வீடுகள் அவை. நிலத்துக்குப் பட்டயம் யாரிடமும் கிடையாது. அருளப்பண்ணன் வீடு வரிசையின் நடுவில், என் வீடு கடைசியில். இரண்டு பேரும் ஒரே ஸ்டாண்டில் ஜீப் ஓட்டினோம்.

அவருக்கு ஒரு வேதம் இருந்தது. மலைச் சாலையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால், இறங்குகிற வண்டிதான் பின்னால் எடுத்து வழி விட வேண்டும். இது மலையில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்த முறைதான். ஆனால் எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை, முக்கியமாகச் சுற்றுலாவுக்குக் கார் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள். ஒருமுறை சுமையோடு ஏறி வந்த லாரிக்கு எதிரே, இறங்கி வந்த கார்க்காரர் ஒருவர் நகர மாட்டேன் என்று நின்றுவிட்டார். “ஞானெந்தினா மாறுன்னே?”, நான் எதற்கு ஒதுங்க வேண்டும் என்று மலையாளத்தில் சத்தம் வேறு. அருளப்பண்ணன் தன் ஜீப்பை ஓரம்கட்டிவிட்டுப் போய், “சாவியக் குடுங்க தம்பி, நான் எடுத்துத் தர்றேன். நீங்க காத்தாட நில்லுங்க” என்றார். அந்த ஆள் ஏன் சாவியைக் கொடுத்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. காரைப் பின்னால் எடுத்து, லாரியைப் போகவிட்டு, கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்தார். “அது எதுக்குண்ணே, கண்ணாடிய வேற தொடச்சு?” என்று கேட்டேன். “ஏறி வர்றவனுக்கு மூச்சு முட்டும்டா. நின்னுட்டா மறுபடி எடுக்க முடியாது. இறங்குறவனுக்கு என்ன, பூமியே இழுத்துட்டுப் போயிரும். இத அவருக்குக் கோவமில்லாம சொல்லணும்ல?” என்றார். கோபம் எனக்குத்தான் மிச்சம் இருந்தது.

அவர் அந்தச் சாலைக்காகப் போராட வந்தது கருப்பையா அண்ணனால். கருப்பையா அண்ணன், பேச்சியம்மா அக்காவின் வீட்டுக்காரர். அருளப்பண்ணனுக்குப் பக்கத்து வீடு. ஒரு மழை நாளில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அருளப்பண்ணன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தேனிக்கு இறங்கினார். பேச்சியம்மா அக்கா மடியில் தலையை வைத்துப் பிடித்திருந்தார். மூன்றாவது வளைவில் ஒரு லாரியும் பேருந்தும் உரசிக்கொண்டு நின்றுவிட்டன. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வண்டி வந்து அடைத்துக்கொண்டது. வழிவிட இரண்டு அடி இடமில்லாத சாலை. அருளப்பண்ணன் இறங்கி ஓடி ஒவ்வொரு வண்டியாகத் தட்டிக் கெஞ்சினார். திரும்பி வந்தபோது பேச்சியம்மா அக்கா, “ஏண்ணே ஓடுறீங்க, முடிஞ்சிருச்சு” என்றாராம். இதை அருளப்பண்ணன் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் பழைய ஆளாக இல்லை.

சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று அவர் ஏறாத அலுவலகம் இல்லை, பார்க்காத ஆள் இல்லை. கடைசியில் சாலை மறியல் செய்தோம். அதில் ஒரு கூத்து. குருசடிக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். கீழேயிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி முக்கி முக்கி ஏறி வருகிறது. மறியலுக்குத் தலைவரான அருளப்பண்ணன் எழுந்து, “கொஞ்சம் ஒதுங்குங்கப்பா, ஏறி வர்றான்” என்று எங்களையே ஒதுக்கி அந்த வண்டியைப் போகவிட்டார். “அண்ணே, இது மறியலா, ஆர்ப்பாட்டமா, இல்ல நீங்க போக்குவரத்துப் போலீஸா?” என்று கத்தினேன். “இறங்குறவன மட்டும் மறிப்போம்டா” என்றார்.

அரசு அனுமதி கிடைத்துவிட்டது என்ற செய்தியை டீக்கடைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். நெடுஞ்சாலையை முழுதாகத் திருத்திக் கட்டப் போகிறார்கள். குருசடி முக்கில் அன்றைக்கு நடந்ததை வெளியாட்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கோயில் அண்டாவைத் தூக்கி வந்து சாலையோரத்தில் அடுப்புக் கூட்டிப் பாயசம் காய்ச்சினோம். துடுப்பைப் பிடித்துக் கிண்டியது பேச்சியம்மா அக்கா. போகிற வருகிற வண்டிகளை நிறுத்தி ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தோம். அருளப்பண்ணன் முதல் டம்ளரைக் குருசடியில் வைத்துவிட்டு, “கருப்பையா, வழி கெடச்சிருச்சுடா” என்றார். அகலப்படுத்துவது என்றால் எதிர்ப்பக்கப் பள்ளத்திலிருந்து சுவர் எழுப்பிக் கொண்டுவருவார்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். மலை எப்படி நகராதோ அப்படி எங்கள் வீடுகளும் நகராது என்பது எங்கள் எண்ணம். வீடு இருக்கிற பக்கமும் சாலையின் ஒரு பக்கம்தான் என்பது படித்தவன் படிக்காதவன் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

பிறகு அளக்க வந்தார்கள். எல்லைக்கல் வீட்டுக்கு முன்னால் வரும் என்று வாசலைக் கூட்டிச் சுத்தம் செய்து வைத்திருந்தோம். அவர்கள் நேராக வீட்டுக்குப் பின்னால் போய்க் கல்லை நட்டார்கள். பேச்சியம்மா அக்காவின் கல் அவர் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றது. அதன் தலையில் மஞ்சள் பெயிண்ட் இன்னும் காயாமல் இருந்தது.

அதன்பின் நடந்தது எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரியும். சமர சமிதி என்று ஒரு போராட்டக் குழு அமைத்தோம்; நான் செயலாளர். கல்லைப் பிடுங்குவது என்று முடிவு. அருளப்பண்ணன் வரவில்லை. அவர் வீட்டு முன்னால் எல்லோரும் போய் நின்றோம். பேச்சியம்மா அக்கா முன்னால் வந்து, “எம் புருசன் செத்தத வச்சு ரோட்டக் கேட்டீரு. இப்ப நான் இருக்குற வீடும் போவுது. உமக்கு மகன் இருக்கான், மேல போயி இருந்துக்கிடுவீரு. நான் எங்க போவேன்? சொல்லும்யா!” என்றார். அதுவரை அண்ணே என்று மட்டுமே கூப்பிட்டவர். அருளப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அன்றோடு பேச்சியம்மா அக்கா அவருடன் பேசுவதை நிறுத்தினார். மற்றவர்களும் மெல்ல விலகினார்கள். குடிதண்ணீர்க் குழாயடியில் லூர்து அக்கா வந்தால் பேச்சு நின்றுபோகும்.

நான் பேசுவதை நிறுத்தவில்லை, சண்டை போடுவதையும் நிறுத்தவில்லை. “கல்லப் பிடுங்க வரமாட்டேன்னா என்ன அர்த்தம்?” என்று கேட்டேன். “ஆஸ்பத்திரிக்குப் போறவன் எத்தன பேருடா இந்த ரோட்டுல. நாம இப்ப இறங்குற வண்டி. வழி விடணும்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வண்டி வேற, வீடு வேறண்ணே. வண்டியப் பின்னால எடுத்தா மறுபடி முன்னால வரலாம். வீட்ட எங்க எடுக்க? பேச்சியம்மாக்கா எங்க எடுக்கும்?” என்று கத்திவிட்டு வந்தேன். இதில் நான் சொன்னதுதான் நியாயம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நியாயம் யாருக்கு வேண்டும்? இயந்திரம் வந்தது. பட்டயம் இல்லாததால் யாருக்கும் இழப்பீடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முதலில் இடிபட்டது அருளப்பண்ணன் வீடுதான். அவராகவே ஓடுகளை இறக்கிவைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். என் வீட்டில் முன் அறை போனது, பின் அறை தார்ப்பாய் கட்டிக்கொண்டு நிற்கிறது. பேச்சியம்மா அக்கா லயத்தில் சித்தி மகள் வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் படுத்துக்கொள்கிறார். அருளப்பண்ணனும் லூர்து அக்காவும் மேலே டவுனில் மகன் எடுத்திருந்த மாடி வாடகை வீட்டுக்குப் போனார்கள். அங்கே ஜீப் நிறுத்த இடமில்லை. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அந்த மாடி அறையில் போய்ப் பார்க்கும்போதெல்லாம் அவர் முதலில் கேட்பது, “பேச்சியம்மா எப்படி இருக்கா?” நல்லாருக்கு என்று பொய் சொல்வேன். பொய் என்று அவருக்கும் தெரியும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசியாகப் போனபோது, நான் எதுவும் கேட்காமலேயே சொன்னார்: “நீ அன்னிக்குச் சொன்னது சரிதான்டா சுந்தரம். வீட்டுக்கு ரிவர்ஸ் கெடையாது.” சண்டையில் ஜெயித்த சந்தோஷம் எனக்குக் கொஞ்சமும் வரவில்லை. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டிருக்கவே வேண்டாம் என்று இருந்தது.

அவரை அவருடைய ஜீப்பிலேயே கொண்டு போனோம். கல்லறைத் தோட்டம் குருசடி முக்கைத் தாண்டிக் கீழே இருக்கிறது. முக்கு வரை ஜீப் மட்டும் வந்தது. அங்கே பழைய வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள். அவர் உயிரோடு இருந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்தான். பேச்சியம்மா அக்காவும் இருந்தார். எல்லோரும் பெட்டிக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள்.

முக்கைக் கடந்து சிறிது தூரம் இறங்கியிருப்போம். கீழே ஒரு பக்கத்தைச் சுவர் கட்டத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஒரு வண்டி போகத்தான் வழி. எதிரே ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று ஏறி வந்தது. எந்தச் சாலை எங்கள் வீடுகளை வாங்கிக்கொண்டதோ அதற்கான ஜல்லி. நான் எஞ்சினை அணைத்துவிட்டேன். அவனே பின்னால் போகட்டும், சாவு வண்டியுமா ஒதுங்க வேண்டும் என்று ஆத்திரம். டிப்பர்க்காரன் எங்கோ வெளியூர்ப் பையன். பெட்டியைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பின்னால் எடுக்கப் பார்த்தான். சுமையோடு வண்டி சறுக்கியது. மறுபடி எடுத்தான், மறுபடியும் சறுக்கியது. சக்கரத்துக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

அப்போது பேச்சியம்மா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “பின்னால எடுப்பா சுந்தரம்” என்றார். நான் அசையவில்லை. “எடுப்பா. ஏறி வர்ற வண்டி. அண்ணன் இருந்தா எடுத்திருக்கும்ல?” என்றார். மறுபடியும் அண்ணன் என்றுவிட்டார். பெட்டியோரம் உட்கார்ந்திருந்த லூர்து அக்கா அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

எடுத்தேன். பின்னால் நடந்து வந்தவர்களும் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினார்கள். ஒதுங்க அகலமான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அருளப்பண்ணன் வீடு இருந்த இடம். ஜீப்பை அதில் ஏற்றி நிறுத்தினேன். முன் அறை இருந்த இடத்தில் பெட்டி கொஞ்ச நேரம் இருந்தது. டிப்பர் எங்களைக் கடந்து ஏறிப் போனது. அந்தப் பையன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தான்.

வேலை முடிந்தால் குருசடி முக்கில் இரண்டு பேருந்துகள் தாராளமாகப் போகும் என்கிறார்கள். யாரும் யாருக்காகவும் பின்னால் எடுக்க வேண்டியிருக்காது. கருப்பையா அண்ணனை நினைத்தால் நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அருளப்பண்ணனோடு போட்ட சண்டை பாதியில் நிற்கிறது. அவர் விட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார், நான்தான் மிச்சத்தை வைத்துக்கொண்டு அலைகிறேன். லூர்து அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் ஜீப்பும் என்னிடம்தான் இருக்கிறது. எதிரே ஒரு வண்டி ஏறி வந்தால், நான் நினைப்பதற்கு முன்னாலேயே என் கை ரிவர்ஸ் கியருக்குப் போய்விடுகிறது. பின்னால் எடுத்து நிறுத்த, தார் போடும்வரை, அவர் வீடு இருந்த இடம் காலியாகத்தான் கிடக்கும்.