அப்பா சூட்டைப் பூட்டிய குளிர்காலம்

எனக்குப் பதினொரு வயது நடந்துகொண்டிருந்த குளிர்காலத்தில் அப்பா எங்கள் வீட்டுச் சூட்டைப் பூட்டி, திறப்பைத் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அப்போது எங்களுக்குப் பல்தான் நடுங்கியது. ஊரைவிட்டு வந்து ரெக்ஸ்டேலில் நாங்கள் வாங்கியிருந்த வீடு அப்பாவைவிட வயதில் மூத்தது. ஜன்னல் ஓரங்களால் காற்று கேட்டுக் கேள்வியில்லாமல் உள்ளே வந்துபோகும். அந்த வருடம் வீட்டைச் சூடாக்கும் காஸின் விலை ஏறியது, பெற்றோல் விலை ஏறியது, மின்சாரமும் ஏறியது. மிசிசாகாவின் மறுகோடியில் ஒரு களஞ்சியத்தில் பொதி தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவின் சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. குளிர்காலத்தின் முதல் காஸ் பில் வந்த அன்று அப்பா அதை மூன்று தரம் வாசித்தார். பிறகு களத்தில் இறங்கினார்.

முதலில் ஜன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்ரிக் தாள் ஒட்டினார். ஒட்டிய தாள் சுருக்கமில்லாமல் இறுகுவதற்கு அம்மாவின் தலைமயிர் உலர்த்தும் கருவியை எடுத்து, அதையும் கருக்கிவிட்டார். வீட்டுக்குள் இரண்டு சோடி காலுறை போடவேண்டும் என்றார். அவண் அடுப்பில் ஏதாவது வேகவைத்தால் பிறகு அதன் கதவை மூடக்கூடாது, அந்தச் சூடு வீட்டுக்கு வரட்டும் என்றார். மின்சாரம் மலியும் நேரம் ஏழு மணிக்குப் பிறகு என்பதால் அதற்கு முன் உடுப்புத் தோய்க்கத் தடை. நான்கு வயதுத் தம்பி பனியில் விளையாடும் தடித்த காற்சட்டையோடு மேசையில் இருந்து பால் குடித்தான். கொஞ்ச நாளில் அதைக் கழற்றவே மாட்டேன் என்று அழத் தொடங்கினான்.

இவ்வளவும் போதாதென்று அப்பாவின் கண் அந்த வட்டப் பெட்டியில் விழுந்தது. நடைவழிச் சுவரில் இருந்த அதுதான் வீட்டின் குளிரைப் பார்த்து, கீழே பேஸ்மென்றில் இருந்து சூட்டுக்காற்றை அனுப்பும் ஃபேர்னஸை ஓடச் சொல்லும், நிற்கச் சொல்லும். அப்பா அதைப் பதினேழு பாகையில் வைத்தார். அவர் வேலைக்குப் போனதும் அம்மா இருபதுக்குத் திருப்புகிறார் என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் கூட்டை வாங்கிவந்து, பெட்டியின்மேல் மாட்டிப் பூட்டிவிட்டார். காற்றுப் போவதற்கு அதன் மேலும் கீழும் நீள ஓட்டைகள் இருந்தன.

"இனி எல்லாரும் பாக்கலாம், ஒருத்தரும் தொடேலாது. மியூசியத்திலை இருக்கிறமாதிரி," என்றார் பெருமையாக.

"எங்களையும் சேத்து அதுக்குள்ளை வையுங்கோ. விறைச்சுப்போய்த்தானே இருக்கிறம்," என்றார் அம்மா.

பேஸ்மென்றில் ஓர் அன்ரி வாடகைக்கு இருந்தார். மன்னாரிலிருந்து வந்தவர், அம்மாவைவிட ஐந்தாறு வயது இளையவர். விடியற்காலையில் ஒரு பேக்கரியில் வேலை. பின்னேரங்களில் முதியோரைப் பராமரிக்கும் படிப்புக்காக மேசையில் குனிந்திருப்பார். வாடகைக்குள் சூடும் அடக்கம். ஆனால் கூட்டவோ குறைக்கவோ அவர் பக்கத்தில் ஒரு பெட்டியும் இல்லை. மேலே நாங்கள் எதை வைக்கிறோமோ அதுதான் கீழேயும். நான் இதை ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. அப்பாவும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தை மாதம் வகுப்பில் ரீச்சர் இந்தப் பெட்டிகள் எப்படி வேலை செய்கின்றன என்று விளக்கினார். வீடு முழுவதும் எப்படி இருக்கிறது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாதாம். தன்னைச் சுற்றியிருக்கும் காற்றைத்தான் அதற்குத் தெரியுமாம். மற்றப் பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதினார்கள். நான் எழுதவில்லை. எனக்கு அன்று பாடத்தைவிடப் பெரிய ஒன்று கிடைத்திருந்தது.

அம்மா தன் வேலை முடிந்து, தம்பியையும் கூட்டிக்கொண்டு ஐந்து மணிக்குத்தான் வருவார். நான் மூன்றரைக்கே வீட்டில் இருப்பேன். அன்று வந்ததும் ஃப்றீசரைத் திறந்தேன். சொதிக்கும் புட்டுக்கும் அம்மா வாங்கி அடுக்கிவைத்த, துருவிய தேங்காய்ப்பூப் பக்கற்றுகள் கல்லாக உறைந்திருந்தன. ஒன்றை எடுத்து, கதிரையில் ஏறி, அப்பாவின் பூட்டிய கூட்டின்மேல் படுக்கவைத்தேன். தேங்காய்ப்பூவின் குளிர் ஓட்டைகளுக்குள்ளால் இறங்கியது. ஐந்து நிமிடம் ஆகவில்லை, கீழே ஃபேர்னஸ் உறுமத் தொடங்கியது. தரையில் இருந்த துவாரத்தால் சூட்டுக்காற்று வந்து என் பாவாடையைத் தூக்கியது. காலுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு அதன்மேல் நின்றேன். அந்தச் சுகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அம்மா வருவதற்கு முன் பக்கற்றைத் திரும்ப ஃப்றீசரில் வைத்துவிடுவேன். இப்படியே ஒரு மாதம் நடந்தது.

இதில் முதலில் ஏமாந்தவர் அப்பா. ஆறு மணிக்கு வேலையால் வந்து, சுவெற்றரைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, கூட்டுக்குள் தான் வைத்த பதினேழு அசையாமல் இருப்பதைப் பார்ப்பார்.

"பாத்தியளே? உடம்பு பழகிட்டுது. நான் சொன்னன், நீங்கள் ஆரும் கேக்கேல்லை."

ஸ்ரௌவ்வில்லில் பெரிய புதுவீடு வாங்கியிருந்த பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, பதினேழுக்குமேல் வைப்பது உடம்புக்கே கூடாது என்று அரைமணி நேரம் விளக்கினார். பெரியப்பா அதைக் கேட்டுத் தன் வீட்டிலும் பதினேழில் வைத்ததில், பெரியம்மாவுக்கு மூன்று கிழமை தடிமன் பிடித்தது.

அடுத்து ஏமாந்தவர் அம்மா. உருகி உருகி உறைந்த தேங்காய்ப்பூ ஒரு நாள் புட்டைப் புளிக்கவைத்தது. அடுத்த கிழமை சொதி திரைந்தது. அம்மா மீதிப் பக்கற்றுகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், பழுதைத் தள்ளிவிடுகிறீர்கள் என்று கடைக்காரரோடு சண்டைபிடித்து, இனி இந்தக் கடைவாசல் மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அதன் பிறகு தேங்காய்ப்பூ வாங்க இரண்டு பஸ் பிடித்து வேறொரு கடைக்குப் போனார்.

ஒரு சனிக்கிழமை. அப்பாவுக்கு அரைநாள் வேலை, அம்மா தம்பியோடு கடைக்குப் போயிருந்தார். நான் பக்கற்றை ஏற்றிவைத்துவிட்டுத் துவாரத்தின்மேல் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தேன். வாசற்கதவு திறந்தது. வேலை குறைவென்று அப்பாவை வெள்ளெனவே அனுப்பிவிட்டார்கள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, தபாற்பெட்டியிலிருந்து எடுத்த காஸ் பில்லைப் பிரித்தார்.

அவருடைய முகம் முதலில் வெளிறி, பிறகு சிவந்தது.

"பதினேழிலை வைச்சும் போன மாதத்தைவிடக் கூட! என்ன மாயம் இது? பூட்டிவைச்ச பெட்டி. ஒருத்தரும் தொடேல்லை." ஃபேர்னஸ் கீழே உறுமிக்கொண்டிருந்தது. அவர் காதைக் கொடுத்தார். "இப்பவும் ஓடுது! நிக்காமல் ஓடுது! கீழை ஜன்னலைத் திறந்துவிட்டுச் சமைக்கிறாபோலை. நான் இஞ்சை ஜன்னலெல்லாம் மூடி ஒட்ட, அவ ரோட்டுக்குச் சூடு காட்டுறா."

தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குத் தான் தனியே போகக்கூடாது என்பது அப்பாவின் கொள்கை. "வா என்னோடை," என்றார். நடைவழியால்தான் போகவேண்டும். என் தலைக்கு மேலே தேங்காய்ப்பூ படுத்திருந்தது. பில்லை விட்டுக் கண்ணை எடுக்காமல் அப்பா அதைக் கடந்து போனார். நான் பின்னால் போனேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு படியிலும் நினைத்தேன். படிகள் முடிந்துவிட்டன.

அன்ரி கதவைத் திறந்தார். ஜன்னல் ஒன்றும் திறந்திருக்கவில்லை. மேசையில் புத்தகங்கள் விரிந்திருந்தன. கதிரையின் முதுகில் வெளியே போடும் தடித்த ஜக்கெற்றும் ஒரு கம்பளியும் தொங்கின.

"தங்கச்சி, ஒரு விசயம் கேக்கவேணும்," என்று அப்பா தொடங்கினார்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ. நானும் உங்களோடை கதைக்கவேணும் எண்டுதான் இருந்தனான். மேலை வாறதுக்கு வெக்கமாய் இருந்தது." அன்ரி எனக்கு முன்னால் ஒரு தட்டில் பேக்கரியிலிருந்து கொண்டுவந்த பணிஸ் வைத்தார். "முதல் சோதினை பாஸ் பண்ணிட்டன் அண்ணை. அது உங்களாலைதான்."

அப்பா விளங்காமல் பார்த்தார்.

"மார்கழி முழுக்க ஜக்கெற்றோடைதான் இருந்து படிச்சனான். விரல் விறைச்சுப் பேனை பிடிக்கேலாது. கையுறையைப் போட்டும் எழுதிப் பாத்தன். வேறை இடம் பாப்பம் எண்டுதான் நினைச்சன். இந்த மாதம் பாத்தால் பின்னேரத்திலை, நான் புத்தகத்தை எடுக்கிற நேரம், நல்ல சூடு வருது. நான் படிக்கிறதை அறிஞ்சு நீங்கள்தான் கூட்டிவிடுறியள் எண்டு விளங்கிச்சுது. விலை ஏறிப்போய்க் கிடக்கிற நேரத்திலை ஆர் அண்ணை இப்பிடிச் செய்வினம்?"

அப்பாவின் கையில் இருந்த பில் இரண்டாக மடிந்தது. பிறகு நான்காக. பிறகு உள்ளங்கைக்குள் மறைந்துவிட்டது.

"அது... படிக்கிற பிள்ளை எல்லோ," என்றார் அப்பா.

"நீங்கள் ஏதோ கேக்கவேணும் எண்டியள்?"

"இல்லை. ஜன்னலாலை குளிர் வருதோ எண்டு கேக்கத்தான் வந்தனான். தாள் கொஞ்சம் மிச்சம் இருக்கு. ஒட்டிவிடலாம்."

அன்ரி தந்த தேநீரை அவர் சுடச்சுட ஒரே மூச்சில் குடித்தார். வாய் வெந்திருக்கவேண்டும்.

மேலே வந்தபோது நடைவழித் தரையில் தண்ணீர் சொட்டியிருந்தது. அப்பா கீழே பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"என்னடி உது?"

"தேங்காய்ப்பூ."

"அது எனக்கும் தெரியுது."

"அந்தப் பெட்டிக்குக் குளிர்ந்தால்தான் ஃபேர்னஸ் ஓடும், அப்பா. சயன்ஸிலை படிப்பிச்சவை."

"எத்தினை நாளாய்?"

"ஒரு மாதம்."

அப்பா பக்கற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நான் ஏறி நின்ற அதே கதிரையில் இருந்தார். உருகிய தண்ணீர் அவருடைய வேலைக் காற்சட்டையில் வடிந்தது. அடி விழும் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். சத்தம் போடவாவது செய்வார் என்று பார்த்தேன். அவர் எழுந்து, பையிலிருந்து திறப்பை எடுத்தார். கூட்டைத் திறந்து, முள்ளை இருபதில் வைத்தார். வைத்துவிட்டு மறுபடி பூட்டினார். ஏன் பூட்டினார் என்று எனக்கு விளங்கவில்லை. பூட்டாமல் விட அவரால் முடியவில்லை போலிருக்கிறது.

"அன்ரியிட்டை ஒண்டும் சொல்லிப்போடாதை," என்றார்.

அம்மா வந்து கதையைக் கேட்டபோது அவருக்கு பில் முக்கியமாகப் படவில்லை.

"அப்ப அந்தக் கடைக்காரரிலை பிழையில்லையே? எடி, நான் அந்த மனிசனைப் பேசின பேச்சு! இனி எந்த முகத்தோடை அங்கை போறது?" என்று தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். தேங்காய்ப்பூவுக்கு நான் வாங்கிய ஏச்சு ஒரு கிழமைக்குப் போதும்.

அன்று பின்னேரம் இருவரும் குசினியில் கதைத்ததை நான் வீட்டுப்பாடம் செய்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இருபதிலை விட்டால் காஸ் பில் கட்டிக்கொள்ளேலாது," என்றார் அம்மா. "அவவிட்டை வாடகையிலை கொஞ்சம் கூடக் கேளுங்கோவன்."

"நன்றி சொன்ன பிள்ளையிட்டை எப்பிடிக் கேக்கிறது?"

"அப்ப என்ன செய்யப்போறியள்?"

"ஏதும் பாப்பம்," என்றார் அப்பா.

திங்கட்கிழமையிலிருந்து எங்கள் கார் வீட்டு வாசலிலேயே நின்றது. காரில் அரைமணி நேரத்தில் போகிற வேலைக்கு அப்பா மூன்று பஸ் மாறிப் போகத் தொடங்கினார். இருட்டோடு புறப்படுவார். ஆறு மணிக்கு வந்தவர் ஏழரைக்கு வந்தார். காரின்மேல் பனி விழுந்து விழுந்து அது வாசலில் ஒரு சிறு மேடாகக் கிடந்தது. கேட்டால், பஸ்ஸில் போனால் நித்திரை கொள்ளலாம் என்பார்.

எனக்கு இது பொறுக்கமுடியாத எரிச்சலாக இருந்தது. அப்பாவின் கூத்துகள் எல்லாம் ஓய்ந்தன என்று நினைத்திருக்க, இப்போது இன்னொன்று. நீச்சல் வகுப்புக்கு நான் அடுத்த தெருத் தோழி வீட்டுக் காரில் தொற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. ஒரு வியாழக்கிழமை அப்படித் திரும்பி வரும்போது பெருந்தெருச் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. பஸ் தரிப்பில் ஐந்தாறு பேர் நின்றார்கள். கூரைக்குக் கீழே இடம் இல்லாமல் வெளியே, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளை அக்குளுக்குள் செருகியபடி அப்பா நின்றார். கண்ணிமையில் பனி பிடித்திருந்தது. தோழி காணக்கூடாதே என்று நான் இருக்கையில் சரிந்து தலையைக் குனிந்துகொண்டேன். விளக்கு மாறும்வரை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன்.

"காரை வாசலிலை வைச்சுக்கொண்டு ஏன் அப்பா பஸ்ஸிலை போறார்? ஆரும் கண்டால் எனக்கு எவ்வளவு வெக்கம்!"

அம்மா தம்பியின் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் காலுறையில்லாமல், அரைக்கைச் சட்டையோடு நின்றேன்.

"உனக்கு வீட்டிலை ஹீற் காணுமே, குளிரேல்லையே?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப பேசாமல் போய்ப் படி."

நான் கேட்டது பஸ்ஸைப் பற்றி. அம்மா ஏன் ஹீற்றைப் பற்றிக் கேட்கிறார்? இந்த வீட்டில் ஒரு கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடையாது என்று முணுமுணுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன்.