பிளக்கைத் தராத கடைக்காரர்

கையில் சரக்கை வைத்துக்கொண்டு விற்க மறுத்த ஒரே கடைக்காரரை ராயப்பேட்டையில் பார்த்தேன். ஆறு கடைகளில் கிடைக்காத ஜெனரேட்டர் பிளக் அது. காதில் டெஸ்டர் செருகியிருந்த அவர் அதைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

“வயரோட அந்தப் பக்கம் இன்னா மாட்டுவே?”

“அங்கயும் பிளக்தான். கரண்ட் போறப்ப சுவத்துல சொருகினா வீடு பூரா கரண்ட் வரும்.”

“தரமாட்டேன் பெருசு. மெயினை அணைக்க மறந்தா, உன் கரண்ட் தெருவுக்குப் போயி கம்பத்துல இருக்கிற லைன்மேனை அடிச்சிடும்.”

“என் பெண்டாட்டிக்கு மூச்சு மெஷின் ஓடணும்யா!” என்று கத்தினேன்.

“அதை மட்டும் நேரா ஜெனரேட்டர்ல சொருகு பெருசு” என்று ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தள்ளினார்.

மறுநாள் மின்சாரம் நின்றது. அந்தப் பெட்டி வழியாக மெஷின் ஓடியது. எதிர்க் கம்பத்தில் லைன்மேன் ஏறினார்; ஏணிப்படிகளை எண்ணினேன், பதினான்கு. அவர் இறங்கும்வரை வாசலிலேயே நின்றேன்.

கடைக்காரர் இரண்டு முறை பெருசு என்றதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.