நெத்தலி நீட்டிய கைகள்

பக்கத்து வீட்டில் யாரோ நெத்தலிக் கருவாடு பொரிக்கிறார்கள். ஐம்பதை எட்டப்போகிறேன், இன்னும் அந்த வாசனை என்னை நேரே உக்குவளை ரயில் கடவைக்கு இழுத்துப் போய்விடுகிறது. அங்கே அம்மா நிற்கிறார். ஒரு கையில் நாயின் கயிறு, மறு கையில் நான்.

முற்றத்தில் காயும் மிளகுக்குக் காவலாக அப்பா கொண்டுவந்த நாய், ஜிம்மி. காவல் நாயை வெளியாள் தொட்டால் கெட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் பகல் முழுக்கப் பலகைக் கூட்டுக்குள் கிடந்தது. கோபம் ஏறட்டும் என்று அப்பா சோற்றில் கொச்சிக்காய்க் காரத்தைப் பிசைந்து வைப்பார். கோபம் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. ரயில் போனால் நடுங்கும், குடை விரிந்தால் குரைக்கும். கடைசியில் தபால்காரரின் கெண்டைக்காலைக் கடித்தது. இன்னொரு தடவை கடித்தால் ரிவர்ஸ்டன் மலையில் விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்றார் அப்பா.

அது அம்மா கையால்தான் வயிறாரத் தின்னும். ஏதோ கடதாசி வேலையாக அம்மா கொழும்புக்குப் போன இரண்டு நாளும் அத்தை வைத்த சோற்றை ஜிம்மி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் பார்க்கவில்லை. அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போகப்போவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஜிம்மிக்கும் ஏழு வயதுக்காரியான எனக்கும் தவிர.

திரும்பி வந்த மறுநாளே அம்மா கூட்டைத் திறந்தார். பொரித்த நெத்தலியைத் தாளில் சுற்றிக்கொண்டு எங்கள் இருவரையும் தினமும் ரோட்டுக்குக் கூட்டிப்போனார். ரயில் வந்தால் ஜிம்மிக்கு ஒரு நெத்தலி, குடை விரிந்தால் ஒன்று. எதிர்ப்படுகிறவர் கையிலும் ஒன்று; ஜிம்மி வாங்கும்வரை அவர் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, ராத்தா என்போம், நாயைத் தொடமாட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எறிவார்.

"தூர நிண்டு தின்னுங்க மகன்."

தபால்காரர்தான் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தார். "என் கால ஒருக்கா ருசி பாத்துட்டான் தங்கச்சி. இனி நெத்தலி எதுக்கு?"

நான்காவது நாள், கடிபட்ட காலை மிதியிலேயே வைத்துக்கொண்டு நீட்டினார். ஜிம்மி பல் படாமல் வாங்கிக்கொண்டது.

நானும் தின்ன வேண்டியிருந்தது. ராத்தா வீட்டில் வட்டிலப்பம், கடை முதலாளியிடம் மீன் அடைத்த மாலு பாண். வேண்டாமென்றால் அம்மா, "நீ தின்னு காட்டினாத்தானே அது தின்னும்" என்பார். ஜிம்மிக்கு வழிகாட்டி என்ற பெருமையில் ஊரார் கொடுத்ததையெல்லாம் தின்றேன்.

அப்பாவுக்குத்தான் கவலை. "இப்பிடியே போனா கள்ளனுக்கும் வாலாட்டும்."

"பயத்துலதாங்க கடிக்குது. நாலு பேரப் பழகிட்டா பயம் போயிரும்."

அம்மா சொன்னதுதான் நடந்தது. ஜிம்மி அதற்குப் பிறகு யாரையும் கடிக்கவில்லை. ஊரையே அறிந்துவைத்திருந்ததால் அறியாத ஆள் வந்தால் உடனே தெரிந்துகொண்டது. மிளகு மூட்டையைத் திருட வந்த இருவரைக் குரைத்தே விரட்டியது. அப்பா கொச்சிக்காயை நிறுத்திவிட்டார், காரணம் மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. இதெல்லாம் அம்மா போன பிறகு.

போன அன்று காலை வாசலில் வேன் நின்றது. அத்தை நீட்டிய சோற்றுருண்டையை ஜிம்மி வாங்கித் தின்றது. எனக்கும் ஒரு வாய் நீட்டினார். ஜிம்மிக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று நானும் வாங்கிக்கொண்டேன். கெட்டிக்காரி என்று அம்மா சொல்வாரென எதிர்பார்த்தேன். அவரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு குந்தி உட்கார்ந்து ஜிம்மியின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார்.

"யாரு குடுத்தாலும் சாப்புடணும், என்ன? அம்மா வர்ற வரைக்கும் பட்டினி கெடக்கக் கூடாது. சரின்னு சொல்லு."

நாய் எப்படிச் சொல்லும்? அதற்காக நான்தான் சொன்னேன்.

"சரிம்மா."